நான் "நல்லா இருக்கு" என்று சொன்னது பார்லித் தண்ணீரை

அன்பு மகனுக்கு,

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். உன் அம்மா அப்படித்தான் செய்யச் சொன்னாள். "புள்ளைய ஊரு முன்னால நிக்க வைக்காதீங்க" என்றாள். ஆனால் நீ என்னை ஊர் முன்னால் ஏற்கெனவே நிறுத்திவிட்டாய். அதுவும் என்னைக் கேட்காமல். ஆகவே உன் காணொளி போன அதே புலனக் குழுக்களுக்கு, நீ வாட்சாப் என்று சொல்வாயே அதே இடங்களுக்கு, இந்தக் கடிதமும் போகிறது. முதலில் உனக்கு வரும், பிறகு மற்றவர்களுக்கு. உன் பெயரை நான் எழுதவில்லை. நீ வேலை செய்யும் சிகிச்சை நிலையத்தின் பெயரையும் எழுதவில்லை. என் முகத்தைத் தெரிந்தவர்களுக்கு நான் யார் என்று தெரியும், அது போதும்.

அந்தக் காணொளியைப் பற்றி எனக்கு எப்படித் தெரிய வந்தது என்று உனக்குச் சொல்லவில்லை. சிலிபின் காலைச் சந்தையில் கெம்போங் மீன் வாங்க நின்றுகொண்டிருந்தேன். என்னிடம் படித்த பெண் ஒருத்தி, இப்போது அவளே பேரன் எடுத்துவிட்டாள், ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "சார், நீங்க இப்ப ஸ்டாரு லா! எங்க வீட்டுக்காரரு உங்களைப் பார்த்துட்டுத்தான் அங்க போகணும்னு நிக்கிறாரு" என்றாள். எங்கே என்று கேட்டேன். கைப்பேசியை நீட்டினாள். மீன்காரரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். சாய்வு நாற்காலியில் நான். கையில் ஊசி, தலைக்கு மேல் மஞ்சள் நிறப் புட்டி. உன் குரல் கேட்கிறது: "எப்படிப்பா இருக்கு?" நான் சிரித்துக்கொண்டே சொல்கிறேன்: "நல்லா இருக்குப்பா. இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?" கீழே பெரிய எழுத்து: 'கத்தியில்லை, அறுவையில்லை. பைபாஸ் இல்லாமலே நலமாக இருக்கிறார் என் அப்பா, ஓய்வு பெற்ற ஆசிரியர்.'

மகனே, அந்த நாளை நான் மறக்கவில்லை. நீ எனக்குப் பார்லித் தண்ணீர் கொடுத்தாய். சர்க்கரை குறைவாக, ஐஸ் போட்டு. அதைக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் எப்படி இருக்கிறது என்று கேட்டாய். நல்லா இருக்கு என்றேன். இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்றேன். நீ எடுத்த படத்தில் என் முகம் இருக்கிறது, புட்டி இருக்கிறது, கோப்பை மட்டும் இல்லை. நம் ஆட்களிடம் எப்படி இருக்கு என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்? காய்ச்சலில் படுத்திருப்பவன்கூட நல்லா இருக்கு என்றுதான் சொல்வான். அது மரியாதை. கேட்டவர் மனம் நோகக் கூடாது என்பதற்காகச் சொல்வது. அந்த மரியாதையை எடுத்து நீ மருந்துச் சீட்டாக்கிவிட்டாய்.

அந்தப் பெரிய எழுத்து வாக்கியத்துக்கு வருகிறேன். வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளின் வாக்கியங்களைத் திருத்தியவன் நான். உன் வாக்கியத்தில் எழுத்துப்பிழை இல்லை, சந்திப்பிழை இல்லை. நான் உன் அப்பா, சரி. ஓய்வு பெற்ற ஆசிரியர், சரி. பைபாஸ் செய்துகொள்ளவில்லை, அதுவும் சரி. ஆனால் எனக்கு பைபாஸ் வேண்டும் என்று எந்த மருத்துவரும் சொல்லவே இல்லையே! ஒரு குழாயில் அடைப்பு தொடங்கியிருக்கிறது, மாத்திரையும் நடையும் உணவுக் கட்டுப்பாடும் போதும் என்றுதான் சொன்னார்கள். அதைத்தான் செய்துகொண்டு வருகிறேன். வகுப்பில் நான் ஓர் உதாரணம் சொல்வதுண்டு. 'நான் இன்றைக்கு முருகனை அடிக்கவில்லை' என்று ஒருவன் சொன்னால், கேட்பவன் என்ன நினைப்பான்? நேற்று அடித்திருக்கிறான் என்று நினைப்பான். முருகன் என்று ஒருவனே இல்லாவிட்டாலும் அந்த வாக்கியத்தில் பொய்யான சொல் ஒன்றுகூட இருக்காது. சொல்லெல்லாம் உண்மையாக இருந்து வாக்கியம் மட்டும் பொய்யாக இருக்க முடியும் என்று பத்து வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். நீ என் வகுப்பில் முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாய்.

இதைப் படிப்பவர்களுக்காக அந்தச் சிகிச்சை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். சோயாவிலிருந்து எடுக்கும் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்புப் பொருளைத் திரவமாக்கி, ஊசி வழியாக, சொட்டுச் சொட்டாக இரத்தத்தில் ஏற்றுகிறார்கள். நம் ஆட்கள் 'தண்ணி ஏத்துறது' என்பார்களே, அந்த முறைதான். அது இதயக் குழாயில் படிந்திருக்கும் அடைப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடும் என்பது நிலையத்தின் பேச்சு. ஒருங்கிணைந்த மருத்துவம் என்று அழகான பெயரும் வைத்திருக்கிறார்கள். நான் அங்கே போவதற்கு முன் என் இதய மருத்துவரிடம் கேட்டேன். "அடைப்பைக் கரைக்கும்னு நிரூபிக்கல ஐயா. மகன் ஆசைக்குப் போறதா இருந்தா என்கிட்ட சொல்லிட்டுப் போங்க. மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார். அதை உன்னிடமும் சொன்னேன். "அவங்க அப்படித்தான்பா சொல்வாங்க" என்றாய். நீ ஆசையாகக் கூப்பிட்டாய், நான் வந்தேன். நாளைக்கே நல்ல ஆய்வுகள் வந்து, அது உண்மையிலேயே அடைப்பைக் கரைக்கிறது என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டால், இதே குழுக்களில் நானே எழுதுகிறேன். இன்றைக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஒருங்கிணைப்பது என்றால் இருப்பதோடு இன்னொன்றைச் சேர்ப்பது. இருப்பதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காருவதற்குத் தமிழில் வேறு சொல் இருக்கிறது.

இதுவரைக்கும் இருந்த கோபம் எனக்காக. அது சின்னக் கோபம். உன்னை வீட்டுக்குக் கூப்பிட்டு நான்கு வார்த்தை திட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். பெரிய கோபம் உன் அம்மாவின் அண்ணனுக்காக, உன் செமோர் மாமாவுக்காக.

மாமாவுக்கு இதயத்தில் மூன்று குழாய்களிலும் அடைப்பு என்பது உனக்குத் தெரியும். அவருக்கு மருத்துவர்கள் சொன்னது மாத்திரை போதும் என்றல்ல, பைபாஸ் செய்தே ஆக வேண்டும் என்று. தேதிக்காக உன் அம்மா எவ்வளவு நாள் காத்திருந்தாள் என்பதும் உனக்குத் தெரியும். தேதி வந்தது. போன வாரம் மருத்துவமனையிலிருந்து அழைத்திருக்கிறார்கள். "யோசிச்சுச் சொல்றேன்" என்று மாமா வைத்துவிட்டார். மாமி அழுதுகொண்டே எங்களுக்குத் தொலைபேசியில் சொன்னார். அன்றைக்கே நானும் உன் அம்மாவும் செமோருக்குப் போனோம்.

மாமா வாசலில் லாரி டயரில் நட்ட செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு வாளி தூக்கியதற்கே மூச்சு வாங்கியது. எங்களைப் பார்த்ததும் சிரிப்பு. "வாங்க மாப்ள, வாங்க! டிவிக்காரரு வந்துட்டாரு, நாற்காலி எடுத்துப் போடு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

"மச்சான், தேதியத் தள்ளிப் போட்டீங்களாமே?" என்றேன்.

"எதுக்கு மாப்ள அவசரம்? நெஞ்சப் பொளந்துதான் பார்க்கணுமா? உங்க மூஞ்சியப் பாருங்க, பாலிஷ் போட்ட மாதிரி மின்னுது. மருமவன்கிட்ட சொன்னா எனக்கும் ஒரு புட்டி ஏத்தி விட்டுறப் போறான்."

"எனக்கு பைபாஸ் வேணும்னு யாருமே சொல்லல மச்சான். எனக்கு மாத்திரைதான். உங்க கதை வேற."

"இப்ப அப்படித்தான் சொல்வீங்க. வாத்தியாருக்கே தன்னடக்கம் ஜாஸ்தி." மாமியைப் பார்த்துக் கண்ணடித்தார். "நீங்களே இன்னும் கொஞ்சம் கிடைக்குமான்னு கேட்டீங்கள்ல? நான் ரெண்டு தரம் போட்டுப் பார்த்தேன்."

"அது பார்லி மச்சான்! பார்லித் தண்ணி!"

அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, இருமலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரையை மாமி ஓடிவந்து கொடுத்தார்.  நான் சொன்ன உண்மை அவருக்கு நகைச்சுவையாகப் போய்விட்டது. நீ சொன்ன பொய் அவருக்கு மருத்துவமாகிவிட்டது. என்னுடைய அத்தனை வருட வேலையில் எனக்கு இப்படி ஒரு தோல்வி வந்ததில்லை. நான் நேரில் உட்கார்ந்து சொல்கிறேன். அவரோ கைப்பேசிக்குள் இருக்கும் என்னைத்தான் நம்புகிறார்.

உன் அம்மாதான் பேச்சை எடுத்தாள். "அண்ணே, பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லு. சோயா மேல பழியப் போடாத."

மாமா காலருகே இருந்த வாளியைத் தள்ளி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பயந்தான் தங்கச்சி. லாரியில பத்து டன்னு ஏத்திக்கிட்டு மலையெல்லாம் எறங்குனவன் நானு. ஒரு நாளு ஸ்டேரிங்க வேற ஆளு கையில குடுத்ததில்ல. இப்ப என்னையத் தூங்க வெச்சிட்டு, வண்டிய அவனுங்க ஓட்டுவானுங்களாம். எந்திரிப்பேனான்னு எவனுக்குத் தெரியும்?"

இதுதான் விஷயம், மகனே. அவர் உன் மருந்தை நம்பவில்லை. அவருக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது. சாலை ஓரமாகப் பயந்து நின்றவனுக்கு நீ குறுக்குப் பாதை என்று ஒரு பலகை எழுதி நட்டாய். பலகையில் என் படத்தை ஒட்டினாய்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்கு அதிகமாகப் பொறுக்கவில்லை. அந்தக் காணொளியின் பின்பகுதியில் நீயே வந்து பேசுகிறாய். "ரப்பர் தோட்டத்துல பால் உறையாம இருக்க அமோனியா ஊத்துவாங்கள்ல? உறைஞ்சு கெட்டியான ஒட்டுப்பால் மாதிரிதான் நம்ம குழாய்ல அடைப்பு. இந்த மருந்து அமோனியா மாதிரி, அதைக் கரைச்சிடும்." நிலையத்தின் ஆங்கில விளம்பரத்தில் இது இல்லை, தேடிப் பார்த்தேன். இது நம் ஆட்களுக்காக நீ செய்தது. இதுவும் என்னிடமிருந்து எடுத்ததுதான். உனக்கு அறிவியல் சொல்லிக் கொடுத்தபோது, ரப்பர் மரத்துப் பாலில் அமோனியா எதற்குக் கலக்கிறார்கள் என்று செமோர் மாமா இருந்த ரப்பர் தோட்டத்துக்கே கூட்டிப்போய்க் காட்டினேன். பாதியைத்தான் கற்றுக்கொண்டாய் போலிருக்கிறது. அமோனியா ஊற்றினால் பால் உறையாமல் இருக்கும். உறைந்தபின் ஊற்றினால்? மங்கில், அதாவது மரத்தில் கட்டிய அந்தக் கிண்ணத்தில், காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பால் மறுபடி பாலாகி ஓடியதை எந்தத் தோட்டத்தில் எவர் பார்த்திருக்கிறார்? அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

மாமாவிடம் இதையே கேட்டேன். இளவயதில் பால் வெட்டியவர்தானே. "மச்சான், ஒட்டுப்பால்ல அமோனியாவ ஊத்தினா பாலாகுமா?"

"பாலாவுமா? நாத்தந்தான் எடுக்கும்!" என்று உடனே சொன்னார். சொன்ன பிறகுதான் எங்கே வந்து நிற்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது. "அது மரம் மாப்ள. இது மனுசன்" என்றார். பார்த்தாயா? நம்புவதற்கு மட்டும் மனிதனும் மரமும் ஒன்று. சந்தேகப்படுவதற்கு வேறு வேறு.

நம் ஆட்களை நான் குறை சொல்லவில்லை. ஊசி என்றால் நமக்கு ஒரு நம்பிக்கை உண்டு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் என்ற ஒருவர்தான் மருத்துவர், தாதி, மருந்தாளர் எல்லாம். அவர் மாத்திரை கொடுத்து அனுப்பினால் கோபித்துக்கொண்டு வருவார்கள். "ஊசி போடல, சும்மா மாத்திரையக் குடுத்து அனுப்பிட்டான்" என்பார்கள். தண்ணீர் ஏற்றினால் அந்த வாரம் முழுக்கத் தெம்பு என்று சொல்லிக்கொண்டு நடப்பார்கள். எனக்கும் உன் நாற்காலியில் படுத்து எழுந்தபோது தெம்பாகத்தான் இருந்தது. குளிர்சாதன அறையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காலை நீட்டிப் படுத்திருந்தேன், பெற்ற மகன் பக்கத்தில் இருந்தான், தெம்பு வராமல் என்ன செய்யும்? தினம் இரவில் நான் போடும் கொழுப்பு மாத்திரை பாவம், அதைப் படம் எடுக்க யாருமில்லை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வந்த அந்த ஊசி நம்பிக்கை எதில் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். நீ அந்த மக்களுக்குள் பிறந்தவன். வெளியாள் ஒருவன் இதைச் செய்திருந்தால் அறியாமை என்று விட்டிருப்பேன். நீ எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்று தெரிந்து திறந்தாய்.

செமோரிலிருந்து திரும்பிய அன்று மாலை உன்னைக் கூப்பிட்டுச் சொன்னேன். நீ என்ன பதில் சொன்னாய்? "அப்பா, நான் யாரையும் ஆபரேஷன் வேணாம்னு சொல்லவே இல்லையே. கீழ சின்ன எழுத்துல போட்டிருக்கேன், உங்க டாக்டரக் கேட்டுக்குங்கன்னு. மாமா அதப் படிக்கலன்னா நான் என்ன பண்றது?" பெரிய எழுத்தில் மகனாகவும் சின்ன எழுத்தில் வக்கீலாகவும் ஒரே ஆள் எப்படி இருக்க முடிகிறது? மாமாவுக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது. நாளிதழில் தலைப்பை மட்டும்தான் படிப்பார். நீ சொன்ன எச்சரிக்கை, கேட்க வேண்டியவருக்குக் கேட்காத தூரத்தில் நின்று சொன்னது. பிறகு கொஞ்சம் குரல் தாழ்த்தி, "சரிப்பா, வீடியோவ எடுத்துடுறேன், போதுமா?" என்றாய்.

போதாது. அது எத்தனை கைப்பேசிகளில் ஏறிவிட்டது என்று உனக்கே தெரியாது. நீ அழித்தாலும் சந்தையில் அந்தப் பெண்ணின் கைப்பேசியில் நான் இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். ஆகவே இதைப் படிக்கும் எல்லாருக்கும் சொல்கிறேன்: அந்தப் படத்தில் இருப்பவன் நான்தான். எனக்கு அறுவை தேவைப்படவில்லை. எனக்கு மருத்துவர் தந்த மாத்திரைகளை ஒருநாளும் நிறுத்தவில்லை. என்னைக் காட்டி யாரும் தங்கள் தேதியைத் தள்ளிப்போட வேண்டாம். சந்தையில் என் கையைப் பிடித்த பெண்ணே, உன் வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டம்மா.

உன்னிடம் நான் கேட்பது வேறு. மருத்துவமனையில் பேசினேன். மாமாவின் தேதியை இன்னும் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அவர் வாயால் வருகிறேன் என்று சொல்ல வேண்டும். என் பேச்சு அவரிடம் எடுபடவில்லை, உன் அம்மாவின் பேச்சும் பாதிதான் எடுபட்டது. நீதான் போக வேண்டும். தொலைபேசியில் அல்ல, நேரில்.

உனக்குக் காது குத்தியது நினைவிருக்காது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில், தாய்மாமன் மடியில் உட்கார வைத்து. ஆசாரி ஊசியை எடுத்ததும் சுற்றி இருந்த எல்லாரும் ஒரே பாட்டுப் பாடினோம். "வலிக்காதுடா கண்ணு, எறும்பு கடிக்கிற மாதிரிதான், வலிக்கவே வலிக்காது." நானும் சொன்னேன், உன் அம்மாவும் சொன்னாள். நீ யாரையும் நம்பாமல் காலை உதறி அலறினாய். அப்போது மாமா உன் காதருகே குனிந்து சொன்னார். நான் பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. "வலிக்கும்டா மருமவனே. ஆனா ரொம்ப நேரம் இல்ல. மாமா பிடிச்சிக்கிறேன். கத்தணும்னா கத்து." நீ உடனே அடங்கினாய். ஊசி இறங்கியபோது கத்தினாய், அவர் கையைக் கடித்தும் வைத்தாய். ஆனால் இரண்டாவது காதுக்கு நீயே முகத்தைத் திருப்பிக் காட்டினாய். அவ்வளவு பேரில் உன்னிடம் உண்மை சொன்னவர் அவர் ஒருவர்தான், அது உனக்குத் தெரிந்திருந்தது.

செமோருக்குப் போ. அவர் எதிரில் உட்கார்ந்து, உன் மருந்து ஒட்டுப்பாலைக் கரைக்காது என்று உன் வாயால் சொல். ஸ்டேரிங் வேறொருவர் கையில்தான் இருக்கும் என்பதையும் மறைக்காதே. அவர் பயப்படுவார். அப்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் உனக்குச் சொன்னதை அவருக்குச் சொல்.

"வலிக்கும் மாமா. நான் பிடிச்சிக்கிறேன்."

உன் அப்பா